பைக் டயர் மாற்ற, பேலன்ஸ் பார்க்க வீட்டிலேயே செய்யும் கருவிகள்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். டயர் மாற்றத் தேவையான எல்லாவற்றையும் நானே செய்துவிடலாம் என்று இருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: டயர் லீவரை மட்டும் விலைக்கு வாங்கிவிடுங்கள். கம்பியை அடித்துத் தட்டையாக்கிச் செய்த லீவரும் ஸ்க்ரூடிரைவரும் முனையில் கூராக இருக்கும். அலுமினிய ரிம்மில் வடு விழும், டியூப் இருந்தால் கிழியும். 30 முதல் 40 செ.மீ. நீளத்தில், முனை மழுங்கிய லீவர் மூன்று போதும். ரிம்முக்குக் காப்பாக, தடித்த பிளாஸ்டிக் கேனை வெட்டி உள்ளங்கை அளவில் நாலு துண்டு எடுத்து மடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய ஏற்றவை மூன்று: பீடை (ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்பை) ரிம்மிலிருந்து பிரிக்கும் நெம்புகோல், சக்கரத்தைக் கிடத்தும் மரச்சட்டம், பேலன்ஸ் ஸ்டாண்டு (இதில் சக்கரத்தின் கனமான இடம் கீழே வந்து நிற்கும்; அதற்கு நேர் எதிரே எடை ஒட்டிச் சரிசெய்யலாம்). மரச்சட்டம் பெரிய வேலையே இல்லை. பிரேக் டிஸ்க் உள்ளே தொங்கவேண்டும், ரிம் விளிம்பு கட்டையின் மேல் உட்காரவேண்டும். அந்த அளவுக்கு நாலு கட்டையைச் சதுரமாக அடித்து, மேலே பழைய ரப்பர் ஹோஸைப் பிளந்து மாட்டிவிடுங்கள். சக்கரத்தின் பாரம் டிஸ்க்கில் இறங்கவே கூடாது. டிஸ்க் கோணினால் பிரேக் பிடிக்கும்போது பிரேக் லீவரில் அதிரும்.

கேள்வி: நெம்புகோலுக்கு அளவு சொல்லுங்கள் அண்ணா. நான் செய்தது முதல் தடவையே பிய்ந்து வந்துவிட்டது.

பதில்: எங்கே பிய்ந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும், அடிப்பலகையில் நின்று கையைக் கீலில் தாங்கும் தூணின் அடியில்தான் பிய்யும். காரணம் இது: நெம்புகோலின் கை 150 செ.மீ., கீலிலிருந்து 25 செ.மீ. தள்ளி டயரை அழுத்தும் கட்டை என்றால், நீங்கள் கொடுக்கும் விசை ஆறு மடங்காகும். முனையில் 30 கிலோ அழுத்தினால் பீடில் 180 கிலோ. அப்போது தூணை மேல்நோக்கி இழுப்பது 150 கிலோ. மர ஸ்க்ரூ இதைத் தாங்காது. தூணின் இரண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பு வைத்து, அடிப்பலகையைத் துளைத்து, கீழே பெரிய வாஷரோடு 10 மி.மீ. போல்ட் போடுங்கள். கீலுக்கு 12 மி.மீ. போல்ட். தூணில் 5 செ.மீ. இடைவெளியில் மூன்று நாலு துளை இருந்தால் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் உயரம் மாற்றிக்கொள்ளலாம்.

அழுத்தும் கட்டையும் கையோடு ஒரே துண்டாக இருக்கக் கூடாது. ஒரு போல்ட்டில் ஆடும்படி தொங்கவிடுங்கள். கை இறங்கும்போது கட்டை நேராகவே நிற்கும். அடிமுனை 8 முதல் 10 செ.மீ. அகலம், ரிம்மின் வளைவுக்கு ஏற்ப இழைத்தது, ஓரங்கள் உருட்டியது. ரிம் விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வையுங்கள். அதற்கும் வெளியே வைத்தால் பக்கச்சுவர் மட்டும் அமுங்கும், பீட் அசையாது. அசையவில்லை என்றால் விசையைக் கூட்டாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, சோப்புத் தண்ணீர் விட்டு, பக்கத்து இடத்தில் அழுத்துங்கள். இரண்டு மூன்று இடத்தில் தளர்ந்தபின் 'டப்' என்று இறங்கும்.

கேள்வி: இதைச் செய்ய மரமோ இடமோ இல்லை. சி-கிளாம்ப் போதுமா?

பதில்: போதும், நேரம்தான் கூடும். வாய் 20 செ.மீ.க்குக் குறையாத கிளாம்ப் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி இறுக்குங்கள். கார் ஜாக்கியை வைத்து, பைக்கின் அடியிலோ காரின் அடியிலோ சக்கரத்தைப் போட்டு அமுக்குவதை நான் சொல்ல மாட்டேன். வழுக்கினால் ஜாக்கி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பழையது கழன்றுவிட்டது. புது டயரில் கடைசிக் கால் பாகம் ஏறவே இல்லை. லீவரே வளைகிறது. நீளமான லீவர் செய்யட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம், பீட் கம்பி அறுந்துவிடும். பீடுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி நீளாது. நீளாத வளையம் ரிம் விளிம்பைத் தாண்டுவதற்கு ஒரே வழி, ரிம்மின் நடுவில் ஓடும் பள்ளம். நீங்கள் நெம்பும் இடத்துக்கு நேர் எதிரே பீட் அந்தப் பள்ளத்தில் இறங்கி இருந்தால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும்.

குனிந்து எதிர்ப்பக்கம் பாருங்கள். பீட் மேலே ஏறி, விளிம்புக்கு உள்ளேயே ஒட்டி நிற்கும். அதுதான் கோளாறு. இரண்டு முழங்காலாலும் அங்கே டயரை அமுக்கி உள்ளே தள்ளிக்கொண்டே, இந்தப் பக்கம் 5 செ.மீ. மட்டும் நெம்புங்கள். அடுத்த 5 செ.மீ. ஒரே பிடியில் 10, 15 செ.மீ. எடுக்கப் பார்த்தால் எதிர்ப்பக்கம் மறுபடி மேலே ஏறிவிடும். சரியாக நடந்தால் ஒரு கையே போதும். பலம் தேவைப்படுகிறது என்றாலே எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்.

டியூப் டயர் என்றால் வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். அங்கே டியூபும் வால்வும் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும், பீட் இறங்காது. ஆகவே எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குவதே முறை. டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. கடைசி நெம்பலுக்கு முன் வால்வை உள்ளே தள்ளி, டியூப் பீடுக்கு அடியில் மாட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழவழப்புக்கு எஞ்சின் ஆயில் தடவலாமா?

பதில்: கூடாது. எண்ணெய் காயாது, ரப்பரையும் கெடுக்கும். பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மிலேயே சுழலும். டியூப் வால்வு பிய்ந்துவிடும். கெட்டியான சோப்புத் தண்ணீர் போதும்.

கேள்வி: டியூப்லெஸ் டயர் மாட்டிவிட்டேன். காற்று அடித்தால் பக்கவாட்டில் எல்லாம் போய்விடுகிறது.

பதில்: வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு அடியுங்கள், காற்று வேகமாக உள்ளே போகும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் டயரின் நடுச்சுற்றில் ராட்செட் பெல்ட் கட்டி இறுக்குங்கள், பீட் இரண்டும் வெளியே விரியும். பிடித்ததும் பெல்ட்டை எடுத்துவிடுங்கள். பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. பீட் ஏறவில்லையா, காற்றை இறக்கி, சோப்பு விட்டு மறுபடி அடியுங்கள். ஸ்ப்ரே அடித்துத் தீ வைத்து ஏற்றும் வித்தையை யாரும் செய்ய வேண்டாம். ஏறியபின் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரியவேண்டும்.

கேள்வி: பேலன்ஸ் ஸ்டாண்டுக்கு என்ன பேரிங்? பைக் ஆக்ஸிலையே போட்டு இரண்டு ஸ்டூலில் வைத்தால் ஆகாதா?

பதில்: ஆகாது. சக்கரத்தின் சொந்த பேரிங்கில் கிரீஸும் சீலும் இருப்பதால் 10, 15 கிராம் வித்தியாசத்துக்கெல்லாம் அது அசையாது.

608 எண் பேரிங் நாலு வாங்குங்கள் (உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22 மி.மீ.). மூடியை எடுத்து, மண்ணெண்ணெயில் கிரீஸைக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பக்கத்துக்கு இரண்டாக, மையத்துக்கு மையம் 24 மி.மீ. இருக்கும்படி பொருத்துங்கள். அந்த இடுக்கில் 12 மி.மீ. நேரான எஃகுத் தண்டு உட்காரும். தண்டு ஒரு சுற்று சுற்றினால் பேரிங் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல்தான் சுற்றும், உராய்வு இன்னும் குறைகிறது. தூண் உயரம் 38 செ.மீ. இருந்தால் 17 அங்குலச் சக்கரம் தரையைத் தொடாது. தண்டைக் கண்ணாடி மேல் உருட்டி வளைவு பாருங்கள், ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள்.

கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் கூம்பு. சக்கரத்தைத் தண்டில் மையப்படுத்துவது அதுதான். லேத்தில் நைலான் கூம்பு இரண்டு கடைந்து, தண்டில் ஆட்டமில்லாமல் ஏறும்படி செய்யுங்கள். 10 கிலோ சக்கரம் அரை மி.மீ. மையம் விலகினால், ரிம்மில் 23 கிராம் தப்பாகக் காட்டும். பேலன்ஸ் பார்த்தபின் கூம்பைத் தளர்த்தி, தண்டோடு சேர்த்து அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள். வேறு இடம் கனமாகக் காட்டினால் குற்றம் கூம்பில்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் சக்கரம் வேறு இடத்தில் நிற்கிறது. பேலன்ஸ் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உராய்வு அதிகமாக இருந்தாலும் அப்படித்தான் நிற்கும். 5 கிராம் எடையை மூன்று மணி இடத்தில் டேப் போட்டு ஒட்டி, கையை எடுங்கள். கீழே இறங்கினால் ஸ்டாண்டு நல்லது, பேலன்ஸும் ஆகிவிட்டது. அசையாமல் நின்றால் பேரிங்கைத் திரும்பக் கழுவுங்கள்.

கேள்வி: எத்தனை கிராம் வித்தியாசம் வரை விடலாம்?

பதில்: 5 கிராமுக்குள் விட்டுவிடலாம். 20 கிராம் விட்டால், 17 அங்குல ரிம்மில், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 3.7 கிலோ விசை நொடிக்குப் பதினைந்து தடவை இழுக்கும்; ஹேண்டில்பாரில் தெரியும். 60 கிராமுக்கு மேல் கேட்டால் எடையை அடுக்காதீர்கள். டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அதுதான் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வரட்டும். எடையை ஒட்டும் முன் ரிம்மை ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டியபின் எடை பிரேக் கேலிப்பரில் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகத்தில்) உரசாதபடி சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.