படகு டிரெய்லருக்கு எந்த பிரேக்?

கேள்வி: அண்ணா, வணக்கம். ஆஸ்திரேலியாவில் ஜீலாங்கில் இருக்கிறேன். 5.4 மீட்டர் அலுமினியப் படகு, 115 குதிரைத்திறன் எஞ்சின், ஒற்றை ஆக்ஸில் டிரெய்லர். வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பிரேக், கேபிள் இழுத்துப் பிடிக்கிற டிஸ்க் வகை. போன மாதம் லோர்ன் பக்கம் ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது படகு பின்னாலிருந்து காரைத் தள்ளிக்கொண்டே வந்தது. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் உள்ளே. கேரவன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எலெக்ட்ரிக் டிரம் பிரேக் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கேரவனுக்கு அது அருமையான பிரேக்தான், ஆனால் கேரவன் கடலில் இறங்குவதில்லையே. அந்த டிரம்முக்குள் மின்காந்தம், ஒயர், ஸ்பிரிங் எல்லாம் அடைபட்டுக் கிடக்கும். படகை இறக்கும்போது உள்ளே போகிற உப்புத் தண்ணீரை அப்புறம் கழுவி எடுப்பது பெரும்பாடு. டிஸ்க் வெட்டவெளியில் இருப்பதால் குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாம். அதனால் டிஸ்க்கிலேயே இருங்கள், அதைப் பிடிக்க வைக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் படகை எடைமேடைக்குக் கொண்டு போங்கள். டேங்க் நிறைய பெட்ரோல், ஐஸ் பெட்டி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட் என்று மீன்பிடிக்கப் போகிற நாளில் எப்படிப் போவீர்களோ அப்படியே. 100 லிட்டர் பெட்ரோல் மட்டுமே கிட்டத்தட்ட 74 கிலோ, பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. டிரெய்லர் காரோடு மாட்டியிருக்க, அதன் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் நிற்கும்போது வருகிற எடையை டிரெய்லர் பிளேட்டில் அடித்திருக்கும் ஜிடிஎம் (காரோடு மாட்டியிருக்கும்போது டிரெய்லர் சக்கரங்கள்மேல் வரலாம் என்று அனுமதித்த உச்ச எடை) எண்ணோடு ஒப்பிடுங்கள். அந்த எண்ணைத் தாண்டக்கூடாது. சட்டம் பிரேக்கைத் தீர்மானிப்பதும் அந்த ஜிடிஎம்மை வைத்துத்தான். 750 கிலோ வரை, ஒற்றை ஆக்ஸில் என்றால், பிரேக் கட்டாயம் இல்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை குறைந்தது ஓர் ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்திலும் பிரேக் வேண்டும், உங்களுடையது போல டிரெய்லரின் தள்ளலாலேயே பிடிக்கிற ஓவர்ரைடு வகை போதும். 2000 கிலோவைத் தாண்டினால் கதையே வேறு: எல்லாச் சக்கரத்திலும் பிரேக், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்க வசதி, டிரெய்லர் காரைவிட்டுக் கழன்றால் தானாகப் பிடித்து 15 நிமிடமாவது விடாமல் நிற்கும் பிரேக்அவே அமைப்பு.

உங்கள் படகு 2000-க்குள்தான் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் என் சிபாரிசு ஹைட்ராலிக் ஓவர்ரைடு. இப்போது உங்களிடம் இருப்பதும் இதுவும் ஒரே தத்துவம்தான். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், கொக்கிப் பகுதி உள்ளே நகரும், அந்த நகர்வு பிரேக்கைப் பிடிக்கும். கேபிள் முறையில் அந்த நகர்வு நீளமான ஒரு கம்பி வழியாகப் போக வேண்டியிருக்கிறது. கம்பி உறைக்குள் துருப்பிடித்து இறுகும், இல்லை நீண்டு தொளதொளக்கும், பேட் (டிஸ்க்கை உராய்ந்து பிடிக்கும் கட்டை) தேயத் தேய நீங்களே திருகி இறுக்கவும் வேண்டும். ஹைட்ராலிக்கில் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயை அழுத்துகிறது, இரண்டு சக்கரத்துக்கும் சமமான அழுத்தம் போகிறது, பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே முன்னால் வந்து ஈடுகட்டிக்கொள்கிறது.

போன வருடம் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் டிரெய்லரைக் கழற்றினேன். அவருக்கும் உங்கள் புகார்தான். பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற கேலிப்பரைத் திறந்ததும் பேடின் உராயும் பகுதி இரும்புத் தகட்டைவிட்டுத் தனியாக என் உள்ளங்கையில் விழுந்தது. தேய்மானமே இல்லை, புதிது போலத்தான் இருந்தது, நடுவில் துரு ஊதிப் பிரித்துவிட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், ஸ்டெயின்லெஸ் தகடு போட்ட பேட், ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் உள்ள கேலிப்பர் வாங்குங்கள், குழாய்க்கும் ஸ்டெயின்லெஸ் அல்லது செம்பு-நிக்கல் கலவை. காசு கூடத்தான், ஆனால் பின்னால் ஒன்றரை டன்னோடு குடும்பம் காரில் போகிறது. பழைய டிஸ்க்கின் தடிமன் குறையாமல், முகம் குழிவிழாமல் இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். புது கப்ளிங்கில் (காரோடு மாட்டுகிற கொக்கிப் பகுதி) எழுதியிருக்கும் எடை உங்கள் டிரெய்லருக்குப் போதுமா என்று பார்க்க மறக்காதீர்கள்.

எடைமேடை 2000-க்கு மேல் காட்டினால் பிளேட்டில் உள்ளதைவிடப் பெரிய டிரெய்லர் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். அதில் மின்சாரப் பம்ப் எண்ணெயை அழுத்துகிற எலெக்ட்ரிக்-ஹைட்ராலிக் முறையைக் கேட்டு வாங்குங்கள். காருக்குள் ஒரு கண்ட்ரோலர் இருக்கும், டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் கையால் பிடிக்கலாம். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர் 2000-க்குள் இருந்தாலும் இதைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: நானே கேலிப்பர் மாற்றினேன், அண்ணா. எத்தனை முறை பிளீட் செய்தும் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியும்) அழுத்தம் கெட்டியாகவே வரவில்லை. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா?

பதில்: அதைக் கழற்றுவதற்கு முன் கேலிப்பர் பக்கம் குனிந்து பாருங்கள். பிளீட் திருகு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இடதையும் வலதையும் மாற்றிப் போட்டிருந்தால் திருகு கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும், நாள் முழுக்க எண்ணெய் ஊற்றினாலும் வெளியேறாது. சரியாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். திருகில் கண்ணாடி போன்ற குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கவிட்டு, குமிழி நிற்கும்வரை. புட்டி திறந்து பல மாதம் கிடந்த பிரேக் எண்ணெயை ஊற்றாதீர்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் வீட்டு வாசல் ஏற்றம். டிரெய்லரைப் பின்னால் தள்ளினால் பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் இழுபடுகிறது. கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. ஏற்றத்தில் பின்னால் போகும்போது கார் டிரெய்லரைத் தள்ளுவதால் கொக்கி உள்ளே நகர்கிறது, நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று பிரேக் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஓவர்ரைடு கப்ளிங்கில் இதைத் தடுக்க ஒரு சின்ன நாக்கு போன்ற தகடு இருக்கும், அதை மடக்கிவிட்டுப் பின்னால் போங்கள். சாலைக்கு வருவதற்கு முன் அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கே இல்லாமல்தான் ஓடுவீர்கள்.

கேள்வி: கடலிலிருந்து வந்ததும் கழுவித்தான் வைக்கிறேன். ஆனாலும் அடுத்த முறை எடுக்கும்போது ஒரு சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது.

பதில்: கழுவியதும் ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். பேட் டிஸ்க்கோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகு தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்து, அந்தச் சூட்டில் காயவிடுங்கள். அப்புறம் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் நிறுத்துங்கள். இன்னொன்று, படகுத்துறைக்குப் போனதும் உடனே டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அது பேரிங்கைத் தின்றுவிடும். கயிறு கட்டி, லைட் பிளக்கைக் கழற்றி, சாமான் ஏற்றுகிற நேரம் ஹப் ஆறட்டும். கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்புக்குக் கீழே வந்ததும் இறக்கலாம்.