ஆண்டு முழுவதும் பங்கு மக்களுக்கு ஞாயிறு சிந்தனை எழுதுவது எப்படி?

உங்கள் கத்தோலிக்கப் பங்கின் தந்தை கேட்டார் என்பதற்காக வாரம் ஒரு பக்கம் எழுத ஒப்புக்கொண்டீர்கள்; இப்போது ஒவ்வொரு காலத்துக்கும் எதை எழுதுவது, சொன்னதையே சொல்லாமல் எப்படித் தப்பிப்பது என்று கேட்கிறீர்கள். எங்கள் பங்கின் ஞாயிறு இதழுக்கு நானும் எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஜனவரியை மறந்துவிடுங்கள். நமக்கு ஆண்டு தொடங்குவது, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு சுற்று: முதல் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அந்தத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

திருவருகைக் காலம் வந்ததுமே எல்லோருடைய பேனாவும் குடிலுக்கு ஓடிவிடும். வாசகங்களோ அவ்வளவு சீக்கிரம் அங்கே போவதில்லை. முதல் ஞாயிறு ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியது. அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் திருமுழுக்கு யோவான். மரியாவும் யோசேப்பும் வருவது நான்காவது ஞாயிறில்தான். முதல் ஆண்டின் மூன்றாம் ஞாயிறில் யோவான் சிறையில் இருந்துகொண்டு, வரவிருப்பவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். இயேசுவைச் சுட்டிக்காட்டியவருக்கே அந்தக் கேள்வி! செபித்துச் செபித்து ஓய்ந்துபோனவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு கேள்வி போதும். தோரண விளக்கைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அதிகம் எழுதாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். எழுதியே ஆகவேண்டும் என்றால், 26-ஆம் தேதியில் முதல் மறைசாட்சியான ஸ்தேவானையும் 28-ஆம் தேதியில் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளையும் திருச்சபை ஏன் அவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறது என்று கேளுங்கள்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தவக்காலம் எழுதச் சுலபம், அதுதான் ஆபத்தும். எதை விடவேண்டும் என்ற பட்டியலாக அது மாறிவிடும். அது தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொள்கிறோம். அதே திருப்பலியில், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, யாருக்கும் தெரியவேண்டாம் என்ற நற்செய்தியையும் கேட்கிறோம். இந்த முரணை வைத்து எழுதினால் பட்டியல் தேவைப்படாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாற்பது நாள் மூச்சைப் பிடித்து எழுதிவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் கடையைக் கட்டிவிடுகிறோம். பாஸ்கா காலம் உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரை ஐம்பது நாள். தவக்காலத்தைவிட நீளம்! அந்த ஞாயிறுகளில் முதல் வாசகம்கூடப் பழைய ஏற்பாட்டிலிருந்து வராது, திருத்தூதர் பணிகளிலிருந்துதான் வரும். இரண்டாம் ஞாயிறின் நற்செய்தி மூன்று ஆண்டுகளிலும் ஒன்றேதான், உயிர்த்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவின் கதை. பாவம், எல்லோரும் தோமாவைத்தான் திட்டுவார்கள். ஆனால் எட்டு நாள் கழித்தும் கதவுகள் பூட்டியே இருந்தன என்று நற்செய்தியாளர் யோவான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்த மற்றவர்கள் ஆண்டவரைக் கண்டவர்கள்தானே? அல்லேலூயா பாடி முடித்த மறுவாரமே பழைய பயத்தோடு உட்கார்ந்திருக்கும் நம்மைப் பற்றி எழுத அந்தப் பூட்டிய கதவு போதாதா?

மூன்றாம் ஆண்டில் பாஸ்காவின் மூன்றாம் ஞாயிறு யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரம், உயிர்த்த இயேசு கடற்கரையில் சீடர்களைச் சந்திக்கும் காட்சி. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன். பேதுரு மறுதலித்த இரவிலும் தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பு மூட்டித்தான் குளிர்காய்ந்தார்கள். மூன்று முறை தெரியாது என்றவரிடம் மூன்று முறை அன்பு இருக்கிறதா என்று கேட்கப்படுவதும் நெருப்புக்குப் பக்கத்தில்தான். அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று இயேசு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கோவிலுக்கு வந்தவருக்கு இதைவிட நல்ல சிந்தனை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இந்தக் காலங்களில் சேராத பொதுக்காலம், 33 அல்லது 34 வாரம். விழா எதுவும் கைகொடுக்காது. நான் செய்வது இதுதான்: நற்செய்தியில் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு, அவர் இடத்திலிருந்து ஒரு கேள்வி மட்டும் கேட்பேன். அதற்குப் பதிலும் நானே எழுதிவிட்டால் அது மறையுரையாகிவிடும். அது பங்குத்தந்தையின் வேலை. இரண்டாம் ஆண்டில் மட்டும் கொஞ்சம் திணறும். 17 முதல் 21-ஆம் ஞாயிறு வரை ஐந்து வாரமும் யோவான் 6, வாழ்வு தரும் உணவு. அதை முன்பே ஐந்தாகப் பிரித்துவைக்காவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

எழுதியதை ஆண்டுவாரியாகத் தனித்தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே நற்செய்தி வரும்போது, போன முறை யாரைப் பிடித்தோம் என்று பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடலாம். லூக்கா 15-இன் ஊதாரி மகன் உவமை என்றால் ஒரு முறை இளைய மகன், அடுத்த முறை மூத்தவன். அதற்கும் அடுத்த சுற்றில், வயலிலிருந்து வந்த மூத்தவனிடம் வீட்டில் என்ன விருந்து என்று சொல்லி மாட்டிக்கொண்ட அந்த ஊழியர் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததாக நினைவில்லை.