இத்தனை பெரிய எண்ணை எப்படி வகுத்தார்?

கேள்வி: ஐயா, வணக்கம். படிவம் 4 படிக்கும் என் மகள், 2,147,483,647 ஒரு பகா எண் என்கிறாள். கணினி இல்லாத காலத்திலேயே ஒருவர் கையால் கணக்குப் போட்டு நிரூபித்தாராம். இதை எப்படி நம்புவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நம்பலாம் அம்மா. மகள் சொல்வது சரி. நிரூபித்தவர் ஆய்லர் என்ற கணித மேதை.

சின்ன வயதில் அப்பாவோடு பால்மரக்காட்டுக்குப் போவேன். அவர் மரம் வெட்டிக்கொண்டு போக, நான் நிரையில் உள்ள மரங்களை எண்ணுவேன். நிரைக்கு நிரை சமமாக எந்த வகையிலும் பிரிக்க முடியாத எண்ணிக்கைதான் பகா எண் என்று பிற்பாடு நான் பாடம் நடத்தியதும் அந்த நினைவில்தான்.

உங்கள் மகள் சொன்ன எண், 2ஐ 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. அதன் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்து எழுநூறுக்கு மேல்!

ஆய்லர் அத்தனையையும் வகுக்கவில்லை. 1640இல் பெர்மா என்ற கணித அறிஞர் கண்ட விதி ஒன்று இருந்தது. சிறிய எண்ணில் பாருங்கள். 2ஐ 11 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 பெருக்கல் 89. இரண்டிலும் ஒன்றைக் கழியுங்கள்: 22, 88. இரண்டும் 22இன் மடங்கு, அதாவது 11இன் இரட்டிப்பின் மடங்கு. தற்செயல் இல்லை, 2ஐப் பெருக்கும் முறை பகா எண்ணாக இருந்தால் எப்போதும் அப்படித்தான். அப்படியானால் நம் எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதில் ஒன்றைக் கழித்தால் 62இன் மடங்கு வரவேண்டும். ஆய்லர் இன்னும் இறுக்கினார்: 248ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மிஞ்சும் எண்களைப் பார்த்தால் போதும். மிச்சம் ஏறக்குறைய 370 எண்கள். அவற்றிலும் பல பகா எண்களே அல்ல.

1772இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போன நிலையில் அவர் இந்த முடிவை வெளியிட்டார். ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. எனக்கு இன்றும் இதை நினைத்தால் சிலிர்க்கும். அதன்பின் பல பத்தாண்டுகள் இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

பழைய கணினிகள் பல, 1970 தொடக்கத்திலிருந்து நேரத்தை நொடிக்கணக்கில் எண்ணி நிறுத்தும் எல்லையும் இதே எண்தான். அந்த எல்லை வருவது, நம் மலேசிய நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி.

சரி, மகளிடம் கால்குலேட்டரைக் கொடுங்கள். சோதிக்க வேண்டிய முதல் பகா எண் 311. வகுத்தால் 35 மிஞ்சும். அதற்கடுத்தது ஒரே தாவலில் 1303. இடையில் எதையும் தொட வேண்டியதில்லை. 1303ஆல் வகுத்தால் என்ன மிஞ்சுகிறது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.