நகையை அடகு வைக்கும் முன் ஸ்காலர்ஷிப் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். கவுன்சிலிங்கில் தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் சீட் கிடைத்திருக்கிறது. கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்கும் கீழேதான். எங்கள் குடும்பத்தில் யாருமே டிகிரி முடித்ததில்லை. இப்போதைக்கு நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிவிட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் மீட்டுக்கொள்ளலாமா? – வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். ஸ்காலர்ஷிப் கிடைக்கும், ஆனால் ஃபீஸ் கட்டும் தேதிக்குள் வராது. சில சமயம் அந்தக் கல்வியாண்டே முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும், அதுவரை நகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் முதல் பட்டதாரி சலுகையைப் பாருங்கள். கவுன்சிலிங் விண்ணப்பத்தில் அதைக் கேட்டு, இ-சேவை மையம் வழியாக வாங்கிய சான்றிதழையும் கொடுத்திருந்தால், கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். கல்லூரி முழுத்தொகையையும் கேட்டால் அந்தச் சலுகை எங்கே போனது என்று அலுவலகத்திலேயே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்து புதுமைப் பெண். 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம்தான், ஆனால் 2024-ல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளையும் சேர்த்துவிட்டார்கள், அதனால் உங்கள் மகளும் வருவாள். மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சேர்ந்த வாரமே, கல்லூரியில் இதைக் கவனிக்கும் பொறுப்பாளரான நோடல் அதிகாரி யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரிய தொகை, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇ-யின் பிரகதி ஸ்காலர்ஷிப். பெண்களுக்கு மட்டும், வருடம் 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும். மதிப்பெண் தரவரிசைப்படி தேர்வு என்பதால் கைக்கு வரும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் இன்னொரு உதவித்தொகையும் உண்டு, முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000. ஆனால் வேறு அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இந்த இரண்டையும் பெற முடியாது என்று நிபந்தனை இருக்கிறது, பின்னால் சொன்னதில் கட்டணச் சலுகையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். பலர் இதைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட்டு, பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலைக்குப் போகிறார்கள். எதை வைத்துக்கொண்டால் வருடத்துக்கு அதிகம் மிச்சம் என்று கூட்டிப் பார்த்து, நோடல் அதிகாரியிடமும் உறுதி செய்துகொண்டு முடிவெடுங்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு, பணம் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நேரடிப் பணப் பரிமாற்றத்தில், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் பணம் போகும். பள்ளியில் திறந்து கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு முடங்கிக் கிடந்து, ஆதாரும் அதிலேயே இருந்தால், நீங்கள் புதுக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. சான்றிதழ், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, ஃபீஸுக்கு என்ன செய்வது? கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை எந்தச் சொத்தையும் ஈடாகக் கொடுக்கத் தேவையில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். கல்லூரிக்கு நாக் அல்லது என்பிஏ (கல்வித் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகள்) அங்கீகாரம் இருந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அதுவரைக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது, கடன் வாங்கும்போதே அதில் சேர்க்கச் சொல்லுங்கள். மேனேஜர் வாய்வார்த்தையாக முடியாது என்றால் விட்டுவிடாதீர்கள், கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடன் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் முதல் தவணை கட்டியாக வேண்டும் என்றால் அந்தத் தொகைக்கு மட்டும், ஒன்றிரண்டு பவுனை வங்கியிலேயே வையுங்கள், தெருமுனை அடகுக்கடை வேண்டாம். கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், கட்டிய பணத்தையும் கடனில் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேட்க அது தேவைப்படும்.