உருக்கு நகரில் ரோபோக்கள்

கேள்வி: உருக்காலைகள் மூடப்பட்டு நலிந்த அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்க், தொழில்நுட்பத்தால் மீண்டெழுந்தது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. 1980களில் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டு, நகரையடுத்த பெரிய ஹோம்ஸ்டெட் உருக்காலையும் 1986இல் நின்றபோது, மாற்றுக்கான விதை அங்கே ஏற்கெனவே ஊன்றப்பட்டிருந்தது. உருக்கு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1900இல் நிறுவிய தொழிற்கல்வி நிலையமே பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 1979இல், அதாவது பெருஞ்சரிவுக்கு முன்பே, ரோபோட்டிக்ஸ் ஆய்வுக்கென்று தனி நிறுவனத்தைத் தொடங்கியது. டுவோலிங்கோ என்னும் மொழி கற்பிக்கும் செயலியும் அப்பல்கலைக்கழகத்தில் முளைத்ததே.

ஹேசல்வுட் பகுதியில் ‘மில் 19’ என்ற பழைய ஆலையின் இரும்புக் கூட்டை அப்படியே நிறுத்தி, அதன் உச்சியில் சூரிய மின்தகடுகளைப் பரப்பி, உள்ளே ரோபோ ஆய்வகங்களைக் கட்டியிருக்கிறார்கள்.

எனினும், அந்நகரில் மிகுதியானோருக்கு வேலை தருவது கணினித் துறையன்று, மருத்துவத் துறையே; யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் எழுப்பிய 64 மாடிக் கோபுரத்தின் உச்சியில் இன்று மின்னுவது ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் பெயர். 1950இல் ஆறே முக்கால் லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகையோ 2020இல் மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டியது; வேலையிழந்த உருக்குத் தொழிலாளர் பலர் ஊரைவிட்டே போய்விட்டனர், அவர்களுக்கு ரோபோ ஆய்வகம் எந்த வகையிலும் ஈடாகவில்லை.