தூரம், நேரம் கணக்குகளை நேரிய சார்பு வைத்துப் போடுவது எப்படி? பத்தாவது படிக்கும் மகனுக்குச் சூத்திரம் தெரிகிறது, கணக்குதான் வரவில்லை.

எனக்கும் பத்தாவதில் இதே வியாதிதான். தூரம் = வேகம் × நேரம் என்று உருப்போட்டதால் வந்த வினை.

எங்கள் ஊர் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம். ஒருநாள் மாமா கடலிலிருந்து போன் போட்டார்: "ஒம்பது மைல்ல வர்றோம்டா, ஆறு நாட்ல ஓடுது. ஐஸ் வண்டிக்குச் சொல்லிரு." அவர் சொன்னது கடல் மைல். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. நாற்பது நிமிஷம் கழித்து அத்தை கேட்டார், "இப்ப எங்கன வர்றாக?" நாற்பது நிமிஷம் மூன்றில் இரண்டு மணி, ஆறால் பெருக்கி, "நாலு மைல்ல அத்தை" என்றேன். தப்பு! நாலு என்பது படகு ஓடி முடித்த தூரம். கரைக்கு மிச்சம் ஐந்து.

நேரிய சார்பு என்பது y = mx + c. இங்கே x நேரம், y தூரம், m கோட்டின் சாய்வு, அதாவது வேகம், c தொடக்கத்தில் இருந்த தூரம். நான் கோட்டைவிட்டது அந்த c-யை. அதனால் மகனை முதலில் ஒன்றே ஒன்று எழுதச் சொல்லுங்கள்: எங்கிருந்து அளக்கிறோம்? கரைதான் பூஜ்ஜியம் என்றால், போன் வந்த நேரத்தில் தூரம் 9. அது c. மணிக்கு 6 குறைகிறது, ஆக m = −6. y = 9 − 6x. கரை சேர்வது y = 0 ஆகும்போது, x = 1.5. ஒன்றரை மணி நேரம். சாய்வில் கழித்தல் குறி எதற்கு என்று பாடப்புத்தகத்தில் புரியாதது, கரையில் நின்றால் புரிந்துவிடும்.

துரத்திப் பிடிக்கிற கணக்கும் இதேதான், கோடுதான் இரண்டு. ராமநாதபுரத்தில் 6 மணிக்கு ராமேஸ்வரம் பஸ் கிளம்புகிறது, வேகம் மணிக்கு 30 கி.மீ. அம்மா விட்டுப்போன பையோடு 6.20-க்கு அண்ணன் பைக்கில், வேகம் 50. பஸ்ஸுக்கு y = 30x, பைக்குக்கு y = 50(x − 1/3). இரண்டையும் சமப்படுத்தினால் x = 5/6. 6.50-க்கு, 25-ஆவது கிலோமீட்டரில் பை கைக்கு வந்துவிடும். இருபது நிமிஷத்தை 0.20 மணி என்று எழுதுகிற பிள்ளைகள்தான் என்னிடம் பாதிப்பேர், அதைக் கவனியுங்கள்.

வேகம் மாறாதவரைதான் நேர்கோடு. கச்சான் காற்று எதிரே அடித்தால் மாமாவின் ஆறு நாட் நாலாகும், கோடு அங்கேயே மடங்கும். பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க நிற்கும் கார்களுக்குப் பின்னால் பஸ் மாட்டினால்? கோடு படுத்தேவிடும், சாய்வு பூஜ்ஜியம்.