ஈஸ்ட் ஹாம்ல வீடு, கேனரி வார்ஃப்ல வேலை: கார் வாங்கணுமா?

மதுரையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, அடுத்த மாசம் குடும்பத்தோட லண்டன் வர்றோம். ஈஸ்ட் ஹாம்ல வீடு பாத்தாச்சு, எனக்கு வேலை கேனரி வார்ஃப்ல, மனைவி ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் ஃபுல் டைமா மாஸ்டர்ஸ் படிக்கப் போறாங்க, பையனுக்கு 7 வயசு. தெரிஞ்சவர் ஒருத்தர் 2013 டீசல் கார் 1,500 பவுண்டுக்குத் தர்றேங்குறார். வாங்கிடலாமா, இல்ல பஸ், ட்ரெயின், சைக்கிள்னே ஓட்டிடலாமா?"

தம்பி, அந்தக் காரை வாங்காதீங்க. விலை கம்மியா இருக்குன்னு தோணும், ஆனா அது ஏன் கம்மின்னு பாருங்க. லண்டன்ல யூலெஸ்னு ஒண்ணு இருக்கு, புகை அதிகமா விடுற வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். 2019-ல நடு ஊருக்கு மட்டும்னு ஆரம்பிச்சது, 2023 ஆகஸ்ட் 29-ல இருந்து லண்டன் முழுசுக்கும் வந்துருச்சு, ஈஸ்ட் ஹாமும் உள்ளதான். டீசல்னா புகை அளவுக்கான யூரோ 6 தரம் இருக்கணும், பொதுவா 2015 செப்டம்பருக்கு அப்புறம் வந்த வண்டிங்கதான் அதுல தேறும். பெட்ரோல்னா யூரோ 4 போதும், அதாவது 2006-க்கு அப்புறம் வந்தது பெரும்பாலும் ஓகே. உங்க 2013 டீசல் தேறாது. வீட்டு வாசல்ல நிறுத்தியே வெச்சிருந்தா காசு இல்ல, ஆனா பால் வாங்க தெருமுனை வரைக்கும் எடுத்தாலும் 12.50 தான், ஞாயிறு, ராத்திரின்னு எதுவும் கிடையாது, கிறிஸ்துமஸ் அன்னைக்கு மட்டும்தான் விலக்கு. 120 நாள் ஓட்டினீங்கன்னா 1,500 பவுண்ட், காருக்குக் குடுத்த காசை இன்னொரு தடவை குடுத்த கணக்கு. கட்ட மறந்தா 180 பவுண்ட் ஃபைன், 14 நாளுக்குள்ள கட்டினா 90.

இது போக இன்சூரன்ஸ் இருக்கு, புதுசா வந்தவங்களுக்கு, அதுவும் இந்தியா லைசென்ஸ்ல, ரொம்ப ஏத்திக் கேப்பாங்க. இந்தியா லைசென்ஸை வெச்சு வந்து சேர்ந்த நாள்ல இருந்து 12 மாசம் ஓட்டலாம், அதை இங்கத்து லைசென்ஸா மாத்திக்க முடியாது, அதுக்கப்புறம் ஓட்டணும்னா ப்ரொவிஷனல், அதாவது பழகுறவங்களுக்கான லைசென்ஸ், எடுத்து தியரி, ப்ராக்டிகல்னு ரெண்டு டெஸ்ட்டும் எழுதித்தான் ஆகணும். டெஸ்ட்டுக்கு டேட் கிடைக்கவே மாசக்கணக்குல ஆகுது, அதனால கார் வாங்குறீங்களோ இல்லையோ ப்ரொவிஷனலுக்கு வந்த உடனே அப்ளை பண்ணி வெச்சிடுங்க.

ஒரு விஷயம் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க, யூலெஸ் வேற கஞ்செஷன் சார்ஜ் வேற. கஞ்செஷன் சார்ஜ்ங்குறது நெரிசலைக் குறைக்க வாங்குற காசு, 2003-ல இருந்து இருக்கு, நடு லண்டனுக்கு மட்டும்தான், கேனரி வார்ஃப் அதுக்கு வெளிய. ரெண்டுலயும் மாட்டுற வண்டி நடு ஊருக்குள்ள போனா ரெண்டும் கட்டணும். அப்புறம் 2025 ஏப்ரல்ல இருந்து தேம்ஸ் ஆத்துக்கு அடியில போற ப்ளாக்வால் டனலுக்கும் புதுசா வந்த சில்வர்டவுன் டனலுக்கும் காசு, காலை 6-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் லூயிஷம், க்ராய்டன்ல சொந்தக்காரங்க இருந்தா இது ஞாபகத்துல இருக்கட்டும்.

சரி, வேலைக்கு எப்படிப் போறது? உங்க வழி உண்மையிலேயே அதிர்ஷ்டமான வழி. ஈஸ்ட் ஹாம்ல டிஸ்ட்ரிக்ட் இல்ல ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் ஏறுங்க, அப்டன் பார்க், ப்ளேஸ்டோ, வெஸ்ட் ஹாம், மூணே ஸ்டாப். வெஸ்ட் ஹாம்ல இறங்கி ஜூபிலி லைன் மாறினா கேனரி வார்ஃப். டிக்கெட் விலைக்காக லண்டனை ஸோன் ஸோனாப் பிரிச்சிருக்காங்க, நடு ஊர்தான் ஸோன் 1. ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் ஸோன் 3, 4 ரெண்டுலயும் இருக்கு, கேனரி வார்ஃப் ஸோன் 2, அதனால உங்களுக்கு ஸோன் 1 பக்கமே போக வேண்டியதில்ல, சார்ஜ் நல்லாவே குறையும். ஜூபிலி லைன் மக்கர் பண்ற அன்னைக்கு பயப்படாதீங்க, டிஸ்ட்ரிக்ட்லயே வொய்ட்சேப்பல் வரைக்கும் போய் எலிசபெத் லைன் மாறுங்க, ஒரே ஸ்டாப்ல கேனரி வார்ஃப், அதுவும் ஸோன் 2-க்குள்ளதான். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் காலை 6:30-ல இருந்து 9:30, சாயங்காலம் 4-ல இருந்து 7, இதான் பீக், அதாவது சார்ஜ் கூடுதலான நேரம். ஸ்டேஷன் கேட்ல பேங்க் கார்டையோ ஃபோனையோ தட்டித்தான் காசு கட்டுறது, அதுல உள்ள போகும்போது தட்டுற நேரம்தான் கணக்கு, வெளிய வர்ற நேரம் இல்ல, அதனால ஆஃபீஸ்ல ஒத்துக்கிட்டா 9:30 தாண்டித் தட்டுங்க.

தட்டுறதுலதான் புதுசா வர்றவங்க காசை விடுறாங்க. நானே வந்த புதுசுல காலையில ஃபோனைத் தட்டி உள்ள போய்ட்டு சாயங்காலம் ஃபோன் சார்ஜ் போச்சுன்னு பேங்க் கார்டைத் தட்டிட்டேன், எனக்கு ரெண்டும் ஒரே அக்கவுண்ட்தான், ஆனா மெஷினுக்கு அது ரெண்டு வேற வேற ஆள். டெய்லி கேப், வாரத்துக்குத் திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் இன்னொரு கேப்னு உண்டு, அந்த அளவு வந்துட்டா அதுக்கு மேல எடுக்க மாட்டாங்க. கார்டை மாத்தி மாத்தித் தட்டினா ரெண்டுமே கேப்பைத் தொடாது. அதனால ஒரு ஆளுக்கு ஒரே கார்டு இல்ல ஒரே ஃபோன். டிஎல்ஆர்னு கிழக்கு லண்டன்ல ஓடுற சின்ன ட்ரெயின் ஒண்ணு இருக்கு, அதுல நிறைய ஸ்டேஷன்ல கேட்டே இருக்காது, ஒரு கம்பத்துல மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கும், நடந்து போற அவசரத்துல அதைத் தாண்டிப் போய்டுவீங்க, வெளிய வரும்போது தட்டலேன்னா மாக்ஸிமம் ஃபேர் எடுத்துருவாங்க. அப்படி ஆச்சுன்னா ஆன்லைன்ல அக்கவுண்ட் போட்டு எங்க இறங்கினீங்கன்னு சொல்லிக் கேட்டா திருப்பித் தருவாங்க, விட்டுராதீங்க. பஸ்ஸுல மட்டும் ஏறும்போது ஒரு தடவை தட்டினா போதும், இறங்கும்போது வேண்டாம். 2014-ல இருந்து பஸ்ஸுல ரொக்கம் வாங்குறதே இல்ல. முதல் தட்டுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே டிக்கெட்தான், அதே கார்டைத் தட்டணும் அவ்ளோதான்.

உங்க மனைவிக்கு ஒரு நல்ல விஷயம். ஃபுல் டைம் ஸ்டூடன்ட்னா வயசு 26 தாண்டியிருந்தாலும் 16-25 ரெயில்கார்டுன்னு ட்ரெயின் டிக்கெட்டுக்கான தள்ளுபடிக் கார்டு வாங்கலாம். வாங்கி ஆய்ஸ்டர் கார்டோட (காசு ஏத்தி வெச்சுத் தட்டுற லண்டன் பயணக் கார்டு) சேர்த்துட்டா பீக் இல்லாத நேரத்துல மூணுல ஒரு பங்கு தள்ளுபடி. ஸ்டேஷன்ல நிக்கிற ஸ்டாஃப்கிட்ட ரெண்டு கார்டையும் குடுத்து சேர்த்துக் குடுங்கன்னா அங்கயே மெஷின்ல போட்டுக் குடுப்பாங்க. பேங்க் கார்டுலயோ ஃபோன்லயோ இந்தத் தள்ளுபடி வராது, இதுக்காகவே அவங்க ஆய்ஸ்டர் வெச்சுக்கணும். ரெயில்கார்டு புதுப்பிச்சா மறுபடியும் போய்ச் சேர்க்கணும். பையனுக்கு பஸ் ஃப்ரீ, உங்ககூட வந்தா ட்யூபும் ஃப்ரீ, 11 வயசு வரைக்கும் கவலையே இல்ல.

சைக்கிள் பத்திக் கேட்டீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஈஸ்ட் ஹாம்ல இருந்து கேனரி வார்ஃப் ஏழெட்டு கிலோமீட்டர்தான். நம்ம ஏரியா வழியா க்ரீன்வேன்னு ஒரு பாதை போகுது, 1860-கள்ல ஜோசப் பசல்ஜெட்னு ஒரு இன்ஜினியர் கட்டின பெரிய சாக்கடைக் குழாய்க்கு மேல மேடா போட்ட பாதை, ரெண்டு பக்கமும் வீட்டுத் தோட்டமெல்லாம் கீழ தெரியும், கார் தொந்தரவே இல்ல. தெக்கால ஏ13 ஓரமா சைக்கிள்வே 3, பார்க்கிங்குங்குற (Barking) ஊர்ல இருந்து வந்து கேனிங் டவுன், பாப்லர் வழியா போகும், உங்க ஆஃபீஸ் பக்கம் வரைக்கும் அதுதான் நல்ல வழி. வாடகைக்கு விடுற சான்டாண்டர் சைக்கிள் ஈஸ்ட் ஹாம் வரைக்கும் வரல, சொந்தமா வாங்கணும், கம்பெனியில சைக்கிள் டு வொர்க் ஸ்கீம் இருக்கான்னு கேளுங்க, சம்பளத்துல டேக்ஸுக்கு முன்னாடியே பிடிப்பாங்க. நல்ல டி-லாக் வாங்குங்க, இங்க சைக்கிள் திருட்டு அதிகம். டிசம்பர்ல 4 மணிக்கே இருட்டிரும், முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட் சட்டப்படி கட்டாயம். ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், சிக்னல்ல நிக்கிற லாரிக்கு இடது பக்கமா புகுந்து முன்னாடி போகாதீங்க, அவன் இடது பக்கம் திரும்பினா நீங்க அங்க இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. நடைபாதையில ஓட்டவும் கூடாது.

வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பாருங்க, ஆனா ஞாயித்துக்கிழமை வேண்டாம். வீக்கெண்ட்ல ரிப்பேர் வேலைன்னு ஏதாவது லைனை மூடி வெச்சிருப்பாங்க, வழியே தப்பாப் புரிஞ்சிரும். வார நாள்ல, நீங்க கிளம்பப் போற அதே நேரத்துல போங்க.